கொள்ளைபோன கல்லறைகள்

மெக்ஸிகோ தேசத்தின் மேற்குப் பாகத்திலுள்ள ஹலிஸ்கோ, நயாரிட், கொலிமா மாகாணங்களில் சுமார் 2000 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஜனங்கள், கிணறுபோல் ஆழக் குழி வெட்டி, அதன் அடியில் அறை குடைந்து, இறந்தோரை அடக்கம் செய்தனர். பிரேதங்களின் அருகே சுட்ட மண்ணாலான பிரதிமைகளை வைத்தனர். தம்பதிகள், பந்தாடுவோர், வாத்தியக்காரர், கொழுத்த நாய்கள் ஆகிய உருவங்கள் அவை. நாய் பரலோக மார்க்கத்தில் வழித்துணை என்பர் பண்டிதர். அதுவும் பிற்காலத்து அஸ்டெக்கியரின் நம்பிக்கையைக் கொண்டு செய்த அநுமானமேயாம்.

திடமாய்ச் சொல்ல இயலாமற்போனதேன்? அக்கல்லறைகளில் பெரும்பாலானவற்றைத் திருடர் முந்திக்கொண்டு தோண்டிவிட்டனர். பிரதிமைகள் அந்நிய நாட்டுப் பொருட்காட்சி சாலைகளுக்கும் தனவந்தர் மாளிகைகளுக்கும் விலைபோயின, எலும்புகள் சிதறின. எந்தப் பிரதிமை எவர் பக்கத்தில் இருந்ததென்று இனி யார் கூறவல்லார்? சாட்சியத்தை அழித்தபின் வழக்கை விசாரிப்பது எங்ஙனம்? வாங்குவோர் இல்லையேல் தோண்டுவோருக்கு அங்கே வேலைதான் ஏது?

1993-ல் ஹலிஸ்கோவிலுள்ள வீட்ஸிலாபாவில் கொள்ளையர் கைபடாத கல்லறையொன்று அகப்பட்டது. 7 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம், 2 அறைகள், 6 பேர். தலைவனெனத் தோன்றும் புருஷன் சங்குகளும் பச்சைக்கல் ஆபரணங்களும் சூழக் கிடந்தான். பலருடைய எலும்புகளில் ஒரேவிதப் பிறவிக்குறை காணப்பட்டதால், அவர்கள் ஒரே குடும்பத்தினரென்று ஆராய்ச்சியாளர் ஊகித்தனர். ஆயிரம் பிரதிமைகள் கூறாததை ஒரு குழி கூறிற்று.

இத்தகைய புராதனப் பொருள்கள் மெக்ஸிகோ தேசத்தின் பொதுச் சொத்தென்று 1972-ம் வருஷத்துச் சட்டம் விதித்திருக்கிறது. அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டவை கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கின்றன. பலவற்றின் கீழுள்ள சீட்டில் மாகாணத்தின் பெயர் மட்டுமே உண்டு; அதுவும் உத்தேசமாக.