உயில் போலி... நிரூபிக்க 30 வருடங்கள்! - ஃபரீத்கோட் அரண்மனை வழக்கின் கதை

பஞ்சாபின் ஃபரீத்கோட் சமஸ்தானத்தின் கடைசி மகாராஜா ஹரீந்தர் சிங் பிரார் 1989-ல் இறந்தார். ஒரே மகன் 1981-லேயே விபத்தில் போய்விட்டார். மிச்சம், மூன்று மகள்கள். ஆனால், 1982-ல் எழுதியதாக ஓர் உயில் வெளியே வந்தது. சொத்து முழுக்க ஒரு டிரஸ்ட்டுக்காம்! மூத்த மகள் அம்ரித் கவுருக்கு எதுவுமே இல்லை.

1992-ல் அவர் வழக்கு போட்டார். உயில் போலி என்று சண்டிகர் கோர்ட் சொன்னது 2013-ல். அதோடு முடிந்ததா? அப்பீல். 2020-ல் ஹைகோர்ட், 2022-ல் சுப்ரீம் கோர்ட் என எல்லாப் படிகளிலும் அதே பதில்தான்.

'ஜெயித்தால் செலவை எதிராளி தருவாரே' என்பீர்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால், கையில் கிடைப்பது வக்கீல் ஃபீஸுக்குப் பக்கத்தில்கூட வராது. தெரிந்தே பொய்யாக வழக்காடியவருக்கு 35ஏ பிரிவில் விதிக்கப்படும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு 3,000 ரூபாய். ஆமாம், மூன்றே பூஜ்ஜியம்தான்!

சுமார் 20,000 கோடி மதிப்பு என்று சொல்லப்படும் அந்தச் சொத்துக்கான இறுதித் தீர்ப்பு வந்தபோது, அம்ரித் கவுரின் இரண்டு தங்கைகளுமே உயிரோடு இல்லை.