அப்பாவுக்குப் பிறகு அம்மா

வங்கிக் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் சங்கத்தில் சந்திக்கும் அன்பர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது: "சார், குழந்தை பேரில் பணம் போட அம்மா கையெழுத்துப் போதாதா?" தில்லியில் இது சாதாரணக் கேள்வி இல்லை. அப்பாவுக்கு அஸ்ஸாமிலோ அந்தமானிலோ போஸ்டிங், அம்மாவும் பிள்ளைகளும் ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் என்று வாழ்ந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை!

இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பதில் வாங்கியவர், கோவையில் பிறந்து தில்லியில் வசிக்கும் ஆங்கில நாவலாசிரியை கீதா ஹரிஹரன். 1984 டிசம்பரில் அவரும் கணவரும் மைனர் மகன் பேரில் 20,000 ரூபாய்க்கு ரிலீஃப் பத்திரம் கேட்டு ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார்கள். மகனுடைய முதலீடுகளுக்குத் தாயே கார்டியன், இதில் இருவருக்கும் சம்மதம் என்று எழுதியும் கொடுத்தார்கள். ஆனாலும் விண்ணப்பம் திரும்பி வந்தது. தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தாய்தான் கார்டியன் என்று சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்றார்கள். தகப்பனாரே ஒப்புக்கொண்ட பிறகும்! இத்தனைக்கும் தாயைக் கார்டியனாக வைத்து மைனருக்கு சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று 1976-லேயே வங்கிகளுக்கு அனுமதி தந்தது இதே ரிசர்வ் வங்கிதான்.

வங்கி அதிகாரியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் கார்டியன்ஷிப் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அப்படி. மைனர் பிள்ளைக்கு இயற்கைக் கார்டியன் 'தகப்பன், அவனுக்குப் பிறகு தாய்' என்கிறது அது. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, இரவில் கண் விழிப்பது அம்மா, கையெழுத்துப் போடுவது அப்பா.

கீதா ஹரிஹரனின் மனுவோடு, விவாகரத்து வழக்கில் இருந்த வந்தனா சிவாவின் மனுவும் சேர்த்து விசாரிக்கப்பட்டது. தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் உள்ளிட்ட மூவர் 1999 பிப்ரவரி 17 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தப் பிரிவை அவர்கள் ரத்து செய்யவில்லை. 'பிறகு' என்ற ஒரு சொல்லுக்குப் புதுப் பொருள் தந்தார்கள். தகப்பன் இறந்த பிறகு என்று அர்த்தமில்லை, தகப்பன் இல்லாதபோது என்று அர்த்தம். அவர் குழந்தையை அறவே கவனிக்காவிட்டாலும், நோயினால் இயலாமல் போனாலும், இருவரும் பேசிப் பொறுப்பைத் தாயிடம் விட்டிருந்தாலும் 'இல்லாதது' போலத்தான்.

பெரிய நிம்மதிதான். ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் சேர்ந்து பிள்ளையை வளர்த்தால், சட்டத்தில் இன்னமும் அப்பாவுக்கே முதலிடம். இதை மாற்றச் சொல்லி சட்ட ஆணையம் 1989-லும் 2015-லும் அறிக்கை கொடுத்தது. சட்டப் புத்தகத்தில் வாசகம் அப்படியேதான் இருக்கிறது.

எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890-ஆம் வருஷத்துச் சட்டம் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. 2010-இல் அதைத் திருத்தி, தகப்பனோடு தாயின் பெயரையும் சேர்த்தார்கள். தில்லியைச் சேர்ந்த மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர், தம் சேமிப்புக்கும் இன்ஷூரன்ஸுக்கும் மகனை நாமினியாகப் போட விரும்பினார். தகப்பன் பெயரைச் சொல் என்றார்கள். கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் கைவிட்டன. உச்ச நீதிமன்றமோ 2015-இல், தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பாமலேயே அவருடைய கார்டியன்ஷிப் மனுவை விசாரிக்கலாம் என்றது. குழந்தையின் நலனே முதன்மை என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம்.

ஆகவே கேட்கிற அன்பர்களுக்கு நான் சொல்வது: பிள்ளையின் பணவிஷயங்களைத் தாய் பார்ப்பதாக இருந்தால், இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் மறுத்தால் 1999 தீர்ப்பைச் சொல்லுங்கள். வீடு, மனை என்றால் விஷயம் வேறு. பிள்ளைக்குச் சொந்தமான சொத்தை அப்பாவானாலும் அம்மாவானாலும் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. துவாரகாவில் மைனர் பேரில் ஃபிளாட் வாங்கியவர்கள் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.