கை உயர்த்தாத பிள்ளைகள்

"விளங்கிச்சுதோ?" என்று கேட்டால் என் தரம் 7 பிள்ளைகள் "ஓம் ரீச்சர்" என்பார்கள். 1995 இடப்பெயர்வில் புதுப் பள்ளிக்கூடம் போன நானும், சிரிப்பார்களே என்று வாய் திறக்காத பிள்ளைதான்.

இப்போது 'பிளிக்கர்ஸ்' செயலி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசி தேவையில்லை. ஆளுக்கொரு கோலம் அச்சிட்ட அட்டை. மேலே பிடிக்கும் பக்கமே விடை. என் தொலைபேசிக் கமராவை வகுப்பின் குறுக்கே திருப்பினால், யார் என்ன சொன்னார் என்பது எனக்கு மட்டும் தெரியும். (டேட்டா என் கைக்காசு!)

அரையும் மூன்றிலொன்றும் எவ்வளவு? பாதிப்பேருக்கு மேல் 2/5 என்றார்கள். அது அரையிலும் குறைவல்லவா! மறுநாள் ரொட்டி கொண்டுபோய் வெட்டிக் காட்டினேன்.

5/6 என்று பிடித்தவர்களில், வருடம் முழுக்கப் பேசாத கடைசி வாங்குப் பிள்ளையும் ஒருத்தி. பெயர் சொல்லவில்லை. கொப்பியில் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்.