வேட்டை வில்லுக்கு எந்த ‘ஆரோ ரெஸ்ட்’ சரி? சின்ன பாகத்துல இவ்வளவு விஷயமா!

காம்பவுண்ட் வில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வேகத்தைத்தான். நொடிக்கு 300 அடி போகுமா, இழுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்று ஆராய்ச்சி நீளும். கடைசியில், “ரெஸ்ட் ஏதாவது ஒண்ணு போட்டுக் குடுங்க” என்று முடித்துவிடுவார்கள். ஆனால், அம்பு கிளம்பும்போது நாணைத் தவிர அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாகம் அந்த ரெஸ்ட்தான்.

அமெரிக்காவில் பல மாகாணங்களில் இலையுதிர் காலத்தில் வில் வேட்டைக்கென்றே தனி சீசன் உண்டு. உரிமம் வாங்கியவர்கள் மரத்தில் கட்டிய பரணில் மணிக்கணக்கில் காத்திருந்து, வெள்ளைவால் மானைக் குறிவைப்பார்கள். பல நாள் காத்திருப்புக்குக் கிடைப்பது ஒரே ஒரு அம்புக்கான வாய்ப்பாகவும் இருக்கலாம். அந்த ஒரு தருணத்துக்கு எந்த ரெஸ்ட் சரி? பார்ப்போம்.

காம்பவுண்ட் வில் என்றால் என்ன?

மேலும் கீழும் ‘கேம்’ எனப்படும் சக்கரங்களும், அவற்றை இணைக்கும் கேபிள்களும் உள்ள வில் இது. முழுதாக இழுத்துவிட்டால் கையில் தாங்க வேண்டிய விசை பெருமளவு குறைந்துவிடும். அதனால் நிதானமாகக் குறிபார்க்கலாம். மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-ல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1969-ல் அது கிடைத்தது.

ரெஸ்ட் ஏன் முக்கியம்?

நாணை விட்டதும் அம்பு வில்லைக் கடக்க ஆகும் நேரம், நொடியில் சுமார் நூறில் ஒரு பங்குதான். அந்த நேரத்தில் ரெஸ்ட் செய்ய வேண்டிய வேலை இரண்டு. அம்பைச் சரியான கோட்டில் தாங்க வேண்டும். பின்னால் வரும் இறகுகளைத் தட்டாமல் வழிவிடவும் வேண்டும். இறகு லேசாக உரசினால்கூட அம்பின் வால் ஆடும்.

பயிற்சியில் பயன்படுத்தும் கூர்முனை இதை ஓரளவு மன்னித்துவிடும். வேட்டைக்கான ‘பிராட்ஹெட்’ மன்னிக்காது. அதிலுள்ள அகலமான பிளேடுகள் காற்றில் இறக்கை போல வேலை செய்து அம்பை வேறு பக்கம் இழுத்துப் போய்விடும். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இலக்கு சுமார் 8 அங்குல வட்டம்தான். அது தவறினால் மான் உடனே சாகாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடும், மணிக்கணக்கில் துடிக்கும். அதனால்தான் பொறுப்பான வேட்டைக்காரர்கள் இந்தச் சின்ன பாகத்தை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள்.

என்னென்ன வகை இருக்கு?

1. விஸ்கர் பிஸ்கட்: வட்டமான பிரஷ்ஷின் நடுவில் ஓட்டை போட்டது போல இருக்கும். அம்பை எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்ளும். வில்லைத் தலைகீழாகத் திருப்பினாலும் விழாது. அசையும் பாகமே இல்லாததால் ரிப்பேர் ஆக எதுவும் இல்லை. விலையும் குறைவு. குறை என்ன? ஒவ்வொரு அம்பிலும் இறகுகள் பிரஷ்ஷை உரசிக்கொண்டுதான் போகும். வேகம் கொஞ்சம் குறையும், இறகுகள் நாளடைவில் கசங்கும், பிரஷ் தேயும். பனியில் நனைந்து உறைந்தால் சிக்கல்தான்.

2. டிராப் அவே, கேபிள் வகை: நாணை இழுக்கும்போது ஒரு சின்ன கயிறு மூலம் கேபிள் ரெஸ்ட்டைத் தூக்கி நிறுத்தும். அம்பை விட்டதும் ரெஸ்ட் கீழே விழுந்துவிடும். இறகு உரச இடமே இருக்காது. க்யூஏடி நிறுவனத்தின் அல்ட்ராரெஸ்ட் போன்ற மாடல்களில் கூடுதல் வசதி உண்டு: கட்டைவிரலால் முன்கூட்டியே தூக்கி லாக் செய்துவிடலாம். மான் விலகிப் போய், இழுத்த நாணை மெதுவாகத் தளர்த்தினாலும் ரெஸ்ட் கீழே விழாது. ஆனால் கயிறு கேபிளில் நழுவினால் டைமிங் மாறிவிடும்.

3. டிராப் அவே, லிம்ப் வகை: இதில் கயிறு, வில்லின் வளையும் கையான ‘லிம்ப்’பில் கட்டப்படும். சும்மா இருக்கும்போது கயிறு ரெஸ்ட்டை இழுத்துக் கீழே வைத்திருக்கும். வில் வளைந்தால் கயிறு தளரும், ஸ்பிரிங் ரெஸ்ட்டை மேலே தூக்கும். அம்பு கிட்டத்தட்ட கிளம்பி முடியும்வரை தாங்கல் இருக்கும். கயிறு அறுந்தாலும் ரெஸ்ட் மேலேயே நிற்கும் என்பதால், ஒரு அம்பாவது விட முடியும். கேபிள் வகையில் கயிறு அறுந்தால் பெரும்பாலான மாடல்களில் ரெஸ்ட் எழவே எழாது.

4. பிளேடு: மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் பட்டையின் நுனியில் அம்பு உட்காரும். போட்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். துல்லியம் அபாரம். ஆனால் வில்லைச் சற்றுச் சாய்த்தாலே அம்பு நழுவிவிடும். காட்டுக்கு இது வேண்டாம்.

அப்போ எதை வாங்குவது?

விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே வேட்டை? அடர்ந்த புதரில் நடந்தபடி, குறைந்த தூரத்தில் என்றால் விஸ்கர் பிஸ்கட் போதும். பனி, உறைமழை அதிகமுள்ள இடம் என்றால் டிராப் அவே நல்லது.

எவ்வளவு தூரம்? 20 கெஜத்தில் வகைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரியாது. 40 கெஜத்தைத் தாண்டினால் சின்ன உரசலும் இலக்கில் பெரிதாகத் தெரியும்.

யார் செட் செய்வது? டைமிங் பார்க்கத் தெரியாது, அருகில் வில் கடையும் இல்லை என்றால், அசையும் பாகம் குறைவான ரெஸ்ட்டே நிம்மதி. சரியாக செட் செய்யாத விலை உயர்ந்த டிராப் அவேயைவிட, சரியாகப் பொருத்திய பிஸ்கட் எவ்வளவோ மேல்.

இன்னொன்று, உங்கள் வில்லில் அது பொருந்துமா என்று பாருங்கள். பழைய முறையில் கைப்பிடிப் பகுதியின் பக்கவாட்டு ஓட்டையில் போல்ட் போட்டு இறுக்குவார்கள். ஹோய்ட், மேத்யூஸ் போன்ற நிறுவனங்களின் புதிய வில்களில் பின்பக்கம் தனி வெட்டே இருக்கிறது. அதில் நேரடியாக மாட்டும் ரெஸ்ட் பழைய வில்லில் உட்காராது.

மாட்டியாச்சு, அடுத்து?

முதலில் உரசல் சோதனை. ரெஸ்ட்டில் கொஞ்சம் லிப்ஸ்டிக் தடவி ஒரு அம்பு விடுங்கள். டிராப் அவே என்றால் இறகில் கறை வரக் கூடாது. வந்தால் ரெஸ்ட் தாமதமாக விழுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது பேப்பர் சோதனை. சில அடி தூரத்தில் ஒரு தாளைக் கட்டி, அதன் வழியே அம்பு விட வேண்டும். முனையும் இறகும் ஒரே இடத்தில் துளைத்திருந்தால் ஓகே. இறகுக் கிழிசல் மேலே இருந்தால் ரெஸ்ட்டை மிகச் சிறிதளவு உயர்த்திப் பார்க்கலாம்.

நம்ம ஊர்ல?

இந்தியாவில் வனவிலங்கு வேட்டைக்கு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தடை இருக்கிறது. வில் வேட்டைக்கும் அது பொருந்தும். ஆனால் காம்பவுண்ட் வில்வித்தை இங்கே விளையாட்டாக வளர்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அந்தப் பிரிவின் 5 தங்கங்களையும் இந்தியாவே அள்ளியது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி அறிமுகமாகிறது. இதைப் பார்த்து கிளப்பில் சேர்கிறவர்களுக்கு பிளேடு ரெஸ்ட்தான் பொதுவான வழி.

வேட்டைக்குப் போகும் வெளிநாட்டு நண்பர் யாராவது ஆலோசனை கேட்டால், பிராண்டு பெயர் சொல்வதற்கு முன் இதைச் சொல்லுங்கள்: சீசனுக்கு முன்பே பிராட்ஹெட் ஒன்றும் பயிற்சி முனை ஒன்றும் ஒரே தூரத்திலிருந்து விட்டுப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் குத்தும்வரை செட்டிங் வேலை முடியவில்லை.