'21 நாள்ல பழக்கம்', 'தினமும் 10,000 ஸ்டெப்ஸ்'... இந்தக் கணக்கெல்லாம் எங்கிருந்து வந்தது?

ஜனவரி பிறந்தால் போதும். ஒரு புது டைரி, அளவு போட்ட தண்ணீர் பாட்டில், கையில் ஸ்மார்ட் வாட்ச், புத்தகக் காட்சிக்குப் போய் பழக்கங்களை மாற்றுவது பற்றி ஒரு புத்தகம். எல்லாம் வாங்கியாச்சு. '21 நாள் விடாம செஞ்சா போதும், அப்புறம் தானா வந்துடும்' என்று யாரோ சொன்னதும் மனதில் இருக்கிறது.

22ஆம் நாள் காலை அலாரம் அடிக்கிறது. எழுந்திருக்க மனசே வரவில்லை. 'நமக்கு இதெல்லாம் செட் ஆகாது' என்று டைரியை மூடி வைத்துவிடுகிறார்கள். பலருடைய முயற்சி இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் தவறு அவர்களிடம் இல்லை, அந்த 21 என்ற எண்ணில்தான் இருக்கிறது.

21 நாள்: ஆரம்பித்து வைத்தது ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்

அமெரிக்காவைச் சேர்ந்த மேக்ஸ்வெல் மால்ட்ஸ் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கு, முக அமைப்பு மாற்றும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாள் ஆவதைக் கவனித்தார். கை, கால் இழந்தவர்களுக்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் நீடிப்பதாக எழுதினார். இதெல்லாம் 1960-ல் வெளியான அவருடைய 'சைக்கோ-சைபர்நெட்டிக்ஸ்' புத்தகத்தில் இருக்கிறது.

அவர் சொன்னது 'குறைந்தபட்சம் சுமார் 21 நாள்'. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. வாய்க்கு வாய் மாறும்போது 'குறைந்தபட்சம்' காணாமல் போய், '21 நாள்' மட்டும் தங்கிவிட்டது. அதோடு, புது மூக்குக்குக் கண் பழகுவதும், காலை 5 மணிக்கு எழுந்து ஓடுவதும் ஒரே விஷயமா என்ன?

சரி, உண்மையில் எத்தனை நாள் ஆகும்?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டனர். சாப்பாடு, குடிப்பது, உடற்பயிற்சி, இதில் ஏதாவது ஒரு சின்ன விஷயத்தை அவரவரே தேர்ந்தெடுத்து, 'காலை டிபனுக்கு அப்புறம்' என்பது போல ஒரு நேரத்தோடு சேர்த்து 84 நாட்கள் செய்து வந்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலை எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி.

கணக்கிட முடிந்தவர்களில் நடுவில் நின்ற எண் 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18 நாளிலேயே பழகிவிட்டது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. (ஆய்வு நடந்ததே 84 நாள்தான் என்பதால் இந்த 254 ஒரு மதிப்பீடு.) ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டன. உடற்பயிற்சிக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காலம் தேவைப்பட்டது.

இதில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப் போனால் பெரிய பாதிப்பு இல்லை. ஒரு நாள் தவறினாலே ஸ்ட்ரீக்கை பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் ஆப்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

10,000 ஸ்டெப்ஸ்: அது ஒரு பொருளின் பெயர்

1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் சூடுபிடித்திருந்த நேரம். அடுத்த வருடமே யமாசா என்ற கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் ஒரு நடை அளவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மான்போ-கே'. 'மான்' என்றால் பத்தாயிரம், 'போ' என்றால் காலடி, 'கே' என்றால் அளவி. விற்பனைக்காக வைத்த பெயர்தான் பின்னால் உலகம் முழுக்க உடல்நல இலக்காக மாறியது.

அறிவியல் சோதனை ரொம்ப தாமதமாகத்தான் வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 பெண்களின் நடையைக் கருவி மூலம் அளந்தனர். தினமும் 2,700 ஸ்டெப்ஸ் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவு. சுமார் 7,500 வரை இது குறைந்துகொண்டே போனது, அதற்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. வயதான பெண்களிடம் எடுத்த கணக்கு இது, எல்லா வயதுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் வீட்டில் 70 வயது அம்மா '10,000 எட்டலையே' என்று சோர்ந்து உட்கார்ந்தால், 4,400-க்கே நல்ல பலன் உண்டு என்பதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அப்போ வாட்ச் வாங்குறது வீணா?

அப்படியும் சொல்ல முடியாது. நடை அளவிகள் பற்றிய பல ஆய்வுகளை 2007-ல் தொகுத்துப் பார்த்தபோது, அதைக் கட்டிக்கொண்டவர்கள் தினமும் ஏறக்குறைய 2,500 ஸ்டெப்ஸ் கூடுதலாக நடந்தது தெரிந்தது. அதிலும் ஏதாவது ஒரு இலக்கு வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் பலன்.

எடை குறைப்பில் கதை வேறு. அமெரிக்காவில் 471 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில் எல்லோருக்குமே உணவுக் கட்டுப்பாடும் ஆலோசனையும் உண்டு. ஆறு மாதம் கழித்து ஒரு பிரிவினருக்கு மட்டும் உடலில் அணியும் கருவி கொடுத்தார்கள். இரண்டு வருட முடிவில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோ. வாட்ச் எண்ணிக் காட்டும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

சின்ன பொருள், பெரிய வேலை

1980-களின் பிற்பகுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவருக்குப் படிப்பில் கவனமே நிற்கவில்லை. பத்து நிமிஷமாவது ஒழுங்காகப் படிக்க முடியுமா பார்ப்போம் என்று சமையலறையில் வைக்கும் டைமரை எடுத்து முடுக்கினார். அது தக்காளி வடிவ டைமர். இத்தாலியில் தக்காளிக்கு 'பொமோடோரோ'. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு என்ற பொமோடோரோ முறை அப்படித்தான் பிறந்தது. போனிலேயே டைமர் இருக்கிறதே எனலாம். ஆனால் டைமர் வைக்கப் போனை எடுத்தால் வாட்ஸ்அப் கூப்பிடும், அரை மணி நேரம் அங்கேயே போய்விடும்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரும் இந்த ரகம்தான். தாள் கிழிக்கும்போதே பிரஷர் மாத்திரை போடுவது என்று வைத்துக்கொண்டால் தனியாக ஆப் தேவையில்லை. கிழமை வாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா இன்னும் மேல், இன்று போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தைப் பார்த்ததுமே தீர்த்துவிடும்.

புத்தகங்கள் என்ன சொல்கின்றன?

சார்லஸ் டுஹிக்கின் 'தி பவர் ஆஃப் ஹேபிட்' 2012-ல் வந்தது. ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' 2018-ல் வந்தது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பி.ஜே. ஃபாக் எழுதிய 'டைனி ஹேபிட்ஸ்' அதற்கு அடுத்து. மூன்றும் தடித்த புத்தகங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் கிளியரும் ஃபாக்கும் ஒத்துப்போகிறார்கள்: மன உறுதியை மட்டும் நம்பாதீர்கள், ஏற்கெனவே செய்யும் ஒன்றின் வாலில் புதியதைக் கட்டிவிடுங்கள். ஃபாக் பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்வதையே ஒரே ஒரு பல்லில் இருந்து தொடங்கச் சொல்கிறார். கேட்கச் சிரிப்பு வரும், ஆனால் ஒரு பல்லுக்கு 'இன்னைக்கு நேரமில்லை' என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றில் ஒன்றைப் படித்தால் போதும். இரண்டாவது, மூன்றாவது என்று வாங்கிக்கொண்டே போவது, செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட ஒரு வழியாகத்தான் முடியும்.

ஏற்கெனவே வாட்ச் வாங்கியவர்கள் என்ன செய்யலாம்? பல ஆப்களில் 10,000 என்ற இலக்கு தானாகவே பதிவாகியிருக்கும். செட்டிங்ஸில் அதை மாற்றிக்கொள்ளலாம். முதல் வாரம் எந்த இலக்கும் வேண்டாம், வழக்கம்போல் நடந்து சராசரி எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். 3,000 வந்தால் அடுத்த வாரம் 3,500 வையுங்கள். மூட்டு வலி, இதயப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூட்டுவது நல்லது.