காவற்பரணின் கால்கள்

மலைநாட்டு இரவைப் பாடிய கவிஞர் பலர். அந்த இரவிலே விழித்திருந்தவரைப் பற்றி எழுதினோர் சிலரே. பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குச் செல்லும் வீதியின் இரு மருங்கிலும், நமுனுகுல மலைச் சரிவிலும், ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களிலே லயங்களை அடுத்துச் சிறு சிறு மரக்கறிப் பாத்திகளைக் காணலாம். பகலெல்லாம் கொழுந்து கொய்த கை மாலையில் மண்வெட்டி பிடித்து உண்டாக்கிய பயிர் அது. மரவள்ளியும் வற்றாளையும் கிழங்கு வைக்கும் காலம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்குமாயின், பல மாத உழைப்பு ஓரிரவில் மண்ணோடு மண்ணாகும். ஆதலின் ஒருவர் விழித்திருத்தல் வேண்டும். விழித்திருப்பவர் மறைந்திருத்தலும் வேண்டும். அந்த மறைவிடத்தைத் தாங்கும் கோல்களைப் பற்றியே இங்குச் சிறிது ஆராய எண்ணுகின்றோம்.

கோலுக்கு ஒரு கட்டுரையா என்று நகைப்போர் இருக்கலாம். நம் பழம்புலவர் நகைத்திலர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் ஏறியமரும் பரணுக்கு ‘இதணம்’ என்று பெயர். மலைபடுகடாமும் இதணத்தைக் காட்டுகின்றது. ‘கழுது’ என்பது அதற்கு வழங்கிய மற்றொரு பெயர். ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குமாயின், மக்கள் வாழ்வில் அஃது ஆழ வேரூன்றியிருந்தது என்பதே பொருள். குறிஞ்சியின் காதல் நாடகம் பலவும் அந்தப் பரணின் நிழலிலே நிகழ்ந்தவை என்பதை மாணவர் நன்கறிவர். ஆனால் அப்பரணை யார் கட்டினார், எந்த மரத்தால் கட்டினார் என்று நாம் வினவுவதில்லை.

ஊவாவின் தோட்டங்களிலே பழைய இதணத்தை அப்படியே கட்ட இயலாது. காடு அழிந்து கோப்பியும், பின்னர் தேயிலையும் வந்தன. எஞ்சி நிற்பது பெரும்பாலும் நிழலுக்கு நட்ட சவுக்கு மரம். நெட்டையாக வளர்ந்து, பரண் தாங்கத்தக்க கவடின்றி நிற்பது. ஆகவே காவற்காரர் மரத்திலிருந்து தரைக்கு இறங்கினார். கோல்களைக் கத்தரிபோல் நாட்டி, மேலே ஒரு வளைக்கோல் இட்டு, பழைய சாக்கையோ படங்கையோ போர்த்தி, அதற்குள் அமர்ந்தார். வேட்டைக்காரர் அமைக்கும் மறைவிடமும், பறவை ஆராய்ச்சியாளரும் புகைப்படக்காரரும் அமைக்கும் மறைவிடமும் இதே வடிவந்தான்.

இந்த மறைவிடம் ஓரிடத்திலேயே நிலைத்து நிற்கலாகாது. காரணம் பன்றியின் மூக்கு. அதற்குக் கண் மந்தம். மோப்பமும் செவியும் மிகக் கூரியவை. மனித வாடை காற்றிலே வந்து சேர்ந்ததெனில், அது காவலில்லாத அடுத்த பாத்திக்குச் சுற்றிச் செல்லும். மலைச்சரிவிலோ காற்று ஒரு நிலையில் நிற்பதன்று. பகலில் வெயில் ஏறும்போது அது பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசும். இரவிலே குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து கீழ்நோக்கி வழியும். எனவே காடு மேலேயும் பயிர் கீழேயும் இருப்பின், இரவுக் காவலுக்கு உரிய இடம் பயிரின் கீழ்ப்புறம். ஆனி, ஆடியிலே கச்சான் காற்று மூர்க்கமாக வீசத் தொடங்கின் இந்தக் கணக்கும் பிழைக்கும். அப்போது மறைவிடத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நாட்ட வேண்டும். விடிந்ததும் பெரட்டுக்குச் செல்லுமுன் அதனைச் சுருட்டித் தோளில் இட்டு வீடு சேர்க்கவும் வேண்டும். ஆகவே கோலின் முதற்குணம் பாரமின்மை. செவி கூரிய விலங்கை நோக்க, இரண்டாங்குணம் ஓசையின்மை.

இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தியது மூங்கில். ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். 6 அடி நீளமும் 3 சென்ரிமீற்றர் குறுக்களவும் அரைச் சென்ரிமீற்றர் சுவர்த்தடிப்பும் உள்ள உலர்ந்த மூங்கிற்கோல் ஏறத்தாழ அரைக் கிலோ நிறையுடையது. அதே அளவினதாகப் பச்சை யூக்கலிப்டஸ் கம்பொன்றை வெட்டினால் அது ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புக்குழாய் இரண்டரைக் கிலோவை எட்டும். கோல் ஐந்தாயின் மூங்கில் இரண்டரைக் கிலோ, பச்சைக்கம்பு ஆறு கிலோவுக்கு மேல், இரும்பு பன்னிரண்டரைக் கிலோ. நாள்முழுதும் மலையேறி இறங்கிய தோளுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. அலுமினியக்குழாய் இரும்பின் மூன்றிலொரு பங்கு நிறையே; ஆயினும் மூங்கிலை விடப் பாரமானது, விலையும் உண்டு, நிலவிலே மின்னும், ஒன்றோடொன்று முட்டின் கணீரென ஒலிக்கும்.

உள்ளீடற்ற கோல் வலுவிழக்காதோ என்று ஐயுறலாம். வளைவை எதிர்க்கும் வலிமை பெரும்பாலும் கோலின் வெளிப்புறத்தைச் சார்ந்தது. நடுப்பகுதி நிறையைக் கூட்டுமேயன்றி வலிமையை அதிகம் கூட்டாது. மேற்கூறிய அளவிலே நடுப்பகுதி நீங்குவதால் நிறையில் நூற்றுக்கு 44 பங்கு குறைகின்றது. விறைப்பிலோ நூற்றுக்கு 20 பங்கே குறைகின்றது. நாணலும் பறவையின் எலும்பும் உள்ளே வெறுமையாக இருந்தும் உறுதியாயிருப்பதன் காரணத்தைக் கலிலியோ 1638 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே ஆராய்ந்தார். மூங்கிலுக்கு மேலும் ஒரு சிறப்புண்டு. இடையிடையே அமைந்த கணுக்கள் குழாய் நசுங்காதபடி காக்கின்றன.

ஆயினும் எல்லா மூங்கிலும் கோலாகாது. வெண்பூச்சுப் படிந்து, கணுவிலே பாளை ஒட்டி நிற்பது இளையது, நீர் மிகுந்தது, உலரும்போது சுருங்கி வெடிக்கும். மூன்று நான்கு ஆண்டு முற்றிய தண்டே தகுதியானது. அதன் தோலில் பாசிப்புள்ளி படர்ந்திருக்கும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மழையற்ற காலத்திலே, தரைக்கு மேலுள்ள கணுவை ஒட்டி அதற்குச் சற்று மேலே வெட்டுதல் நன்று; அடிக்கட்டையில் நீர் தேங்கி அழுகாது. தண்டிலுள்ள மாப்பொருளை நாடியே உளுக்கும் வண்டு வருகின்றது. அதனாற்றான் வெட்டிய மூங்கிலைச் சில வாரம் ஓடும் நீரில் ஊறவிடுவர். பின்னர் நிழலிலே நிமிர்த்தி உலர்த்துவர். ஆணி அறைந்தால் தண்டு நெடுக்கே பிளக்கும். கணுவை அடுத்துத் தும்புக்கயிற்றால் கட்டுவதே முறை. கோலோடு கோல் உரசும் இடத்திலே சாக்குத்துண்டு சுற்றினால் ஓசையும் அடங்கும். கச்சான் காற்றுக்கு அஞ்சித் தடித்த கோலை நாடுவது வீண். இரு புறமும் கயிறிழுத்து முளையில் கட்டினால் மெல்லிய கோலே நிற்கும்.

இத்தனை நுட்பமும் யாருக்குத் தேவைப்பட்டது? தன் பாரத்தைத் தானே சுமந்தவனுக்கு. பதுளையில் அரசாங்க உதவி அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர்பெற்றார். 1845 இல் அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் பதுளையில் உள்ளது. அக்காலத்துத் துரைமாரின் வேட்டைகளிலே கூடாரமும் பெட்டியும் சுமந்தோர் கூலியாட்கள். சுமை பிறர் தோளில் இருக்கும்வரை நிறையைப் பற்றிய கவலை எழுவதில்லை. பாரமற்ற கோலைத் தேர்ந்த அறிவு துப்பாக்கியோடு வந்ததன்று; ஏழைக் காவற்காரன் தன் தோளால் கற்றது.

அந்த அறிவுக்கு இன்று ஓர் எதிரி தோன்றியிருக்கின்றது. பன்றிக்கென வைக்கும் கம்பிக்கண்ணியே அது. கண்ணிக்கு உறக்கமில்லை, குளிரில்லை, கூலியுமில்லை. ஒரு துண்டுக் கம்பி போதும். ஆனால் அதற்குக் கண்ணும் இல்லை. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய மாகாணத்து நல்லதண்ணிப் பகுதியிலே அரிய கருஞ்சிறுத்தையொன்று கண்ணியிற் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும் சில நாளில் அது மாண்டது. பன்றியைத் தேடிய கண்ணி சிறுத்தையைக் கொன்றது. 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைச் சுட்டி, கண்ணி வைத்தவரைக் குறை கூறுதல் எளிது. ஆனால் பகல் முழுதும் உழைத்தவர் இரவும் விழித்திருக்க வேண்டுமென நாம் எப்படிக் கேட்பது?

ஒருவர் விழித்திருக்க இயலாதுதான். ஒரு லயம் முறைவைத்து விழித்திருக்க இயலும். அதற்கு வேண்டுவன ஐந்து மூங்கிற்கோல், ஒரு பழைய படங்கு, தட்டுவதற்கு ஒரு தகரம், ஒரு டோர்ச் விளக்கு. பாரம் குறைந்த கோலை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் வாங்கிக்கொள்வதும் எளிது. பரணிலே மனிதர் இருக்கும்வரை, வருவது பன்றியா சிறுத்தையா என்று பார்ப்பதற்கு இரண்டு கண்கள் இருக்கும். இதணம் ஏறிய குறிஞ்சிப் பெண் கிளியை ஓட்டினாள், கொன்றாளில்லை. அவள் வழிவந்த காவலை நம் மலைகள் இழந்துவிடலாகாது.