ஒரு கையா, இரண்டு கையா?

டென்னிஸில் வலக்கை ஆட்டக்காரர் தமது இடப்பக்கம் வரும் பந்தைத் திருப்புவதற்குப் பேக்ஹேண்ட் என்று பெயர். இதை ஒரு கையால் அடிப்பதா, இரு கைகளாலும் மட்டையைப் பிடித்து அடிப்பதா என்ற வழக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. தீர்ப்பு இரு கைக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஆண்களுக்கான கணினித் தரவரிசை 1973-ல் தொடங்கிய பிறகு, முதல் பத்து இடங்களில் ஒற்றைக் கைக்காரர் ஒருவர்கூட இல்லை என்ற நிலை 2024 பிப்ரவரியில்தான் முதன்முறையாக வந்தது. அப்புறம் ஓரிருவர் மீண்டும் உள்ளே நுழைந்தார்கள். ஆனால் போக்கு புரிந்துவிட்டது.

காரணம் எளிய இயந்திரவியல்தான். மட்டையின் நீளம் 27 அங்குலம். அதோடு கையின் நீளமும் சேர்ந்தால் தோளிலிருந்து நீளும் ஒரு நெடிய நெம்புகோல். அதன் நுனியில் பந்து வந்து மோதுகிறது. ரயிலில் டிரங்குப் பெட்டியை ஒரு கையால் தூக்கி நடக்கிறோம். அதையே மேல் பர்த்தில் ஏற்ற இரண்டாவது கை தேவைப்படுகிறது அல்லவா? அதே கதைதான். இடுப்பு உயரப் பந்துக்கு ஒரு கை போதும். தோளுக்கு மேல் எழும்பும் பந்துக்கு ஒரு கை தள்ளாடும். இன்னொன்று, ஒற்றைக் கைக்காரர் பந்தை முன்காலுக்கும் முன்னால் சந்தித்தாக வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் பலம் போய்விடும். இரு கைக்காரர் பந்தை உடலுக்கு அருகில் வரவிட்டு, பின் கையால் தள்ளிச் சமாளித்துக்கொள்வார்.

இந்தப் பலவீனத்தை நடால் போல் பயன்படுத்திக்கொண்டவர் யாருமில்லை. இடக்கையால் அவர் சுழற்றி அடிக்கும் பந்து ஃபெடரரின் பேக்ஹேண்டுக்குத் தோள் உயரத்தில் குதித்து வரும். பாரீஸ் செம்மண் தளத்தில் இருவரும் ஆறு முறை மோதினார்கள். ஆறிலும் ஃபெடரருக்குத் தோல்வி. 2008 இறுதியாட்டம் 6-1, 6-3, 6-0 என்று முடிந்தது. ஃபெடரர் ரசிகர்களுக்கு அது ஒரு துக்க நாள். பிறகு அவர் 90 சதுர அங்குல மட்டையை விட்டு 97-க்கு மாறினார். 2017 ஆஸ்திரேலிய இறுதியாட்டத்தில் பந்து உயரே எழும்புமுன் முன்னேறிச் சென்று அடித்தார். ஐந்து செட்டில் வென்றார். அந்த ஆண்டு நடாலுடன் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் அவருக்கே வெற்றி.

அதே ஸ்விட்சர்லாந்தின் வாவ்ரிங்கா வேறு ரகம். ஃபெடரரிடம் மணிக்கட்டின் லாகவம் என்றால் இவரிடம் தோள். முதுகு எதிராளிக்குத் தெரியும் அளவுக்குத் திரும்பி, கையை நேராக நீட்டி வீசுவார். இடக்கை பின்புறம் பறக்கும். செம்மண்ணில் பந்து சற்று மெதுவாக வருவதால் இத்தனைக்கும் அவகாசம் கிடைக்கிறது. 2015 பாரீஸ் இறுதியில் ஜோகோவிச்சை வீழ்த்திய கடைசி அடியும் இந்தப் பேக்ஹேண்ட்தான். வெறும் பேக்ஹேண்டை மட்டும் எடை போட்டால் என் ஓட்டு இவருக்கே. ஃபெடரர் ரசிகர்கள் கோபிக்கக் கூடாது.

உடல் பலம் இருந்தால்தான் முடியும் என்பவர்கள் ஜஸ்டின் ஹெனினை நினைத்துப் பார்க்க வேண்டும். சுமார் ஐந்தரை அடி உயரமுள்ள அந்த பெல்ஜியப் பெண்மணி ஒரு கையால் அடித்தே பாரீஸில் நான்கு முறை பட்டம் வென்றார். ஸ்டெஃபி கிராஃப் பந்தைப் பெரும்பாலும் ஸ்லைஸ் செய்து, தரையோடு தரையாக வழுக்கிப் போகச் செய்வார். எதிராளி குனிந்து எடுத்துத் தூக்கிக் கொடுத்தால், அடுத்த அடி அவருடைய ஃபோர்ஹேண்ட். நம் ரமேஷ் கிருஷ்ணனும் ஒரு கைக்காரர்தான். வேகம் குறைவு, ஆனால் பந்தை வைக்கும் இடம் துல்லியம். 1989-ல் ஆஸ்திரேலியப் போட்டியில், அப்போது உலகின் முதல் நிலையில் இருந்த விலாண்டரையே தோற்கடித்தார்.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் நம் சங்கத்துப் பெற்றோருக்கு இது வெறும் ரசனை விஷயமல்ல. எட்டு, ஒன்பது வயதில் பந்து எழும்பினாலே தலை உயரம் வந்துவிடும். மணிக்கட்டும் தோளும் முதிராத அந்த வயதில் ஃபெடரரைப் பார்த்து ஒரு கையால் அடிக்க வைப்பது குழந்தையைச் சோர்வடையச் செய்யும். சாம்ப்ராஸ் பதினான்கு வயதுவாக்கில்தான் இரு கையிலிருந்து ஒரு கைக்கு மாறினார். எட்பர்க்கும் சிறுவயதில் இரு கைக்காரரே. சாம்ப்ராஸுக்கு அந்த மாற்றத்தால் ஏழு விம்பிள்டன் பட்டங்கள் வந்தன என்பார்கள். பாரீஸில் ஒரு பட்டம்கூடக் கிடைக்காததற்கும் அந்த உயரப் பந்து ஒரு காரணம் என்பது என் கணக்கு.

என் பேத்திக்கு ஒன்பது வயது. இப்போதைக்கு இரு கையாலேயே அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஸ்லைஸ் மட்டும் ஒரு கையால் பழகுகிறாள். அதற்கு இரு கைக்காரர்களும் பெரும்பாலும் ஒரு கையைத்தான் நம்புகிறார்கள்.